ஒரு போசிக் கச்சாயமும் ஒற்றை ஓட்டும்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். பெரியநாயக்கன்பாளையம் பக்கம் வீடு கட்டிக் குடிவந்த நாளிலிருந்து அதற்கு முக்கால் காரணம் தண்ணீர்தான். எங்கள் குடியிருப்பில் இரண்டே வீதிகள். மெயின் ரோட்டை ஒட்டிய கீழ் வீதியில் நாற்பது வீடுகள். பின்னால் ஏற்றத்தில் இருக்கும் எங்கள் மேட்டு வீதியில் பதினாறு வீடுகள். இரண்டுக்கும் சேர்த்து மேல்நிலைத் தொட்டி ஒன்று. வால்வைத் திறந்தால் தண்ணீர் முதலில் கீழ் வீதிக்கு ஓடும். அவர்கள் ரோஜாச் செடிக்கெல்லாம் ஊற்றி முடித்த பிறகு எங்கள் குழாயில் புஸ்ஸென்று காற்று வரும். நான் வீட்டிலேயே கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறவள். தண்ணீர் இல்லாமல் அரிசி களைவது எப்படி? வீதி முனையிலிருந்து குடம் சுமந்து சுமந்து இடுப்பு போனதுதான் மிச்சம்.

வால்வை யாருக்கு எப்போது திறப்பது என்று முடிவு செய்வது நலச்சங்கத்தின் ஐந்து பேர் கொண்ட கமிட்டி. அதற்குத் தேர்தல் உண்டு. வீட்டுக்கு ஒரு சீட்டு. அந்தச் சீட்டில் ஐந்து பெயர் எழுதலாம். கீழ் வீதிக்காரர்கள் தங்கள் ஐந்து பேரை எழுதுவார்கள், நாங்கள் எங்கள் ஆளை எழுதுவோம். நாற்பதுக்கு முன்னால் பதினாறு என்ன செய்யும்? ஒவ்வொரு முறையும் ஐந்து பேரும் கீழ் வீதியிலிருந்தே வந்தார்கள். கள்ள ஓட்டு இல்லை, ஏமாற்று வேலை இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலே. யாரைப் பிடித்துத் திட்டுவது?

ஒருநாள் பேப்பரில் தேர்தல் சீர்திருத்தம் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. சட்டசபையிலும் பாராளுமன்றத்திலும் கட்சிகள் வாங்கிய ஓட்டுக்கு ஏற்றபடி இடம் கிடைக்க என்னென்ன வழிகள் உண்டு என்று அலசியிருந்தார்கள். பாதி புரியவில்லை. ஒன்று மட்டும் பளிச்சென்று புரிந்தது. ஐந்து இடம் இருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு என்று வைத்துவிட்டால், சின்னக் கூட்டமும் ஒன்று சேர்ந்து ஒருவரை உள்ளே அனுப்பிவிடலாம்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்றுவிட்டேன். "சீட்டுல அஞ்சு பேர் வேண்டாமுங்க. ஒரே பேர் எழுதலாம்னு மாத்தோணும்."

சங்கத் தலைவர் மில்லில் டைம் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். எறும்பைக் கூட 'ஏனுங்க' என்று கூப்பிடுகிற மனிதர். "இத்தனை வருசம் சண்டை சச்சரவில்லாமப் போச்சுங்களே அம்மணி. இப்ப என்ன குறைங்க?" என்றார்.

"குறை என்னன்னு சொல்றதுக்குத்தானுங்க எங்க வீதிக்கு ஒரு ஆள் வேணும்ங்கறேன்!"

சத்தம் கொஞ்சம் கூடித்தான் போய்விட்டது. ஆனால் அவர் சிரித்துவிட்டார். "வீட்டுக்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு ஒரு பேரு. நாயமாத்தானுங்க இருக்குது" என்று கையைத் தூக்கச் சொன்னார். போண்டா ஆறிக்கொண்டிருந்த அவசரமோ என்னவோ, எல்லாக் கையும் உயர்ந்துவிட்டது.

தேர்தலுக்கு ஆறு பேர் நின்றோம். தலைவரையும் சேர்த்துக் கீழ் வீதியிலிருந்து ஐந்து பேர், மேட்டு வீதியிலிருந்து நான் ஒருத்தி. முந்தின நாள் சாயங்காலம் வீடு வீடாகப் போய் மிரட்டாத குறையாகச் சொல்லி வைத்தேன். "பதினாறு சீட்டும் எனக்கு வந்தாகோணும். யாராவது முகத்தாட்சண்யம் பார்த்துப் பேரை மாத்தி எழுதினீங்க, அப்புறம் மாவு கேட்டு என் ஊட்டு வாசப்படி மிதிக்கப்படாது!" என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "எம்.எல்.ஏ. அம்மணி, சோறு எப்பங்க?" என்றார்.

மறுநாள் காலையில் தலைவரின் மனைவி மேட்டில் மூச்சு வாங்க ஏறி வந்தார். கையில் தூக்குப்போசி. திறந்தால் எண்ணெயில் சுட்ட கச்சாயம், வெல்ல வாசம் வீட்டையே தூக்கியது. அடப்பாவமே, ஓட்டுக்குக் கச்சாயமா என்று எனக்கு உச்சிக்கு ஏறியது. வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "பேரனுக்குக் குலதெய்வக் கோயில்ல காது குத்திப்போட்டு வந்தோமுங்க. ரெண்டு வீதிக்கும் குடுத்துட்டு வாரேன். சூடா இருக்கறப்பவே சாப்பிடுங்க கண்ணு."

இப்படிச் சொல்கிறவரிடம் எப்படிக் கோபப்படுவது? நாலு கச்சாயம் உள்ளே போனபிறகு கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனால் வேறொரு சங்கடம் வந்தது. எங்கள் பக்கத்தில் பலகாரம் வந்த போசியை வெறுமனே திருப்பி அனுப்ப மாட்டோம். ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவோம். நானோ மாவுக்காரி. போசி நிறைய மாவு ஊற்றி அனுப்பினால்தான் எனக்கு மரியாதை. அன்றைக்குப் பார்த்துத் தண்ணீரும் இல்லை, மாவும் இல்லை. குடத்தில் கிடந்த தண்ணீரில் போசியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஓட்டுப் போடக் கிளம்பினேன்.

சங்கக் கொட்டகையில் ஒரு மறைப்பு கட்டியிருந்தார்கள். பேனா அவரவருடையது. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது என் பெயரை நானே எழுதுவது, பந்தியில் தனக்குத்தானே முதலில் பரிமாறிக்கொள்வது போல அசிங்கமாகப் பட்டது. கூடவே அந்தக் கவிழ்த்துவைத்த போசி வேறு கண்முன் வந்தது. மற்றப் பதினைந்து சீட்டுதான் இருக்கிறதே என்ற தைரியத்தில் தலைவர் பெயரை எழுதி மடித்துப் போட்டுவிட்டேன்.

எண்ணிக்கை தொடங்கியது. முதல் சீட்டு தலைவருக்கு. இரண்டாவதும், மூன்றாவதும் தலைவருக்கே. அடுக்கு ஏறிக்கொண்டே போனது. கீழ் வீதியில் பாதிப் பேர், பெரிய மனுஷனை விட்டுவிட்டு வேறு பெயர் எழுதுவது தப்பு என்று நினைத்திருக்கிறார்கள். எங்கள் வீதியும் அப்படியேதான். அதுவரை எனக்கு வந்தது மூன்றே ஓட்டு. மூன்றும் யாருடையவை என்று பிறகு தெரிந்தது. அன்று காலை ஷிப்டுக்குப் போய்விட்டு நேராக ஓட்டுப் போட வந்ததால் கச்சாயம் கிடைக்காத மூன்று வீடுகள்!

திரும்பி என் வீதிக்காரர்களைப் பார்த்தேன். ஒவ்வொருவரும் கொட்டகையின் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். திட்ட வாய் வந்தது. ஊருக்குத்தான் உபதேசம் செய்தவள், எந்த முகத்தோடு திட்டுவேன்? வெட்கம் பிடுங்கித் தின்றது.

முதல் நான்கு இடமும் முடிவாகிவிட்டன. ஐந்தாவது இடத்துக்குக் கீழ் வீதிக்காரர் ஒருவருக்கு மூன்று ஓட்டு, எனக்கு மூன்று. பெட்டியில் மிச்சம் ஒரே சீட்டு. பிரித்தவர் என் பெயரை வாசித்தார். பிரித்த சீட்டை எல்லோரும் பார்த்தோம். எழுத்து பச்சை மையில் இருந்தது. எங்கள் குடியிருப்பில் பச்சை மையில் எழுதுகிறவர் ஒருவர்தான். சங்க நோட்டீஸ் எல்லாவற்றிலும் அந்த எழுத்தைப் பார்த்திருக்கிறோம். எல்லோரும் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் காது வரைக்கும் சிவந்துபோனார்.

"நமக்கு நாமே போட்டுக்கறது முறையில்லீங்களே" என்றார். "போட்டிக்கு வந்தவங்களுக்குப் போட்டுட்டேனுங்க."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நானும் உங்களுக்குத்தானுங்க போட்டேன்" என்றேன், கொட்டகை கேட்க. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. என் வீட்டுக்காரர் மட்டும் விரல் விட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் அவங்கவங்களுக்கே போட்டிருந்தாலும் கணக்கு இதேதான். அவரு மட்டும் அவருக்கே போட்டிருந்தா, மூணுக்கு மூணுன்னு நீ சீட்டுக் குலுக்கத்தான் நின்னிருக்கோணும்" என்றார். அது சுருக்கென்று தைத்தது.

கமிட்டிக் கூட்டம் உறுப்பினர் வீடுகளில் முறை வைத்து நடக்கும். இத்தனை வருடமும் கீழ் வீதியிலேயே நடந்தது. முதன்முதலாக என் வீட்டுக்கு வந்தார்கள். கேசரி சாப்பிட்டுவிட்டுத் தலைவர் கை கழுவப் போய்க் குழாயைத் திருகினார். புஸ்ஸென்றது. இன்னும் திருகினார். அப்போதும் காற்றுதான். கை நிறைய நெய்யோடு நின்றபடியே, "தண்ணி தெனமும் இப்படித்தானுங்களா அம்மணி?" என்றார்.

"தெனமும் இப்படித்தானுங்க."

"ஒருத்தரும் சொல்லலீங்களே."

"எங்கீங்க சொல்றது?" என்றேன். அந்தமுறை எனக்குக் கோபமே வரவில்லை.

அன்றைக்கே இரண்டு தீர்மானம் போட்டோம். முதலில் மேட்டு வீதிக்கு அரைமணி நேரம், பிறகுதான் கீழ் வீதி வால்வு. இரண்டாவது, இனி எந்தத் தேர்தலிலும் ஐந்தில் ஓரிடம் மேட்டு வீதிக்கு. ஒரு நல்ல மனுஷரின் பச்சை மையை நம்பி எங்கள் வீதி இருக்கக் கூடாது என்று பட்டதை அப்படியே சொன்னேன். அதை முன்மொழிந்து பச்சை மையிலேயே எழுதினார் தலைவர்.

மறுநாள் விடிகாலையில் குழாய் இரண்டு முறை இருமிவிட்டுத் தண்ணீர் கொட்டியது. அதிலேயே அரிசியைக் களைந்து ஊறப்போட்டு அரைத்தேன். சாயங்காலம் அந்தத் தூக்குப்போசியில் கழுத்துவரை மாவை ஊற்றி எடுத்துக்கொண்டு கீழ் வீதிக்கு இறங்கினேன்.