எதைவிடக்காரர்

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை முகத்தருகே கொண்டுபோய், சிவப்புப் பேனாவால் ஒரு வார்த்தையை வளைத்துப் பிடிக்கிறார். ஓரத்தில் எழுதுகிறார்: "எதைவிட?"

விளம்பர நிறுவனத்தில் ஆங்கில வாசகங்களைத் திருத்துவது இவர் வேலை. சோப்போ கொசுவத்தியோ, 'மோர் எஃபெக்டிவ்' என்று எழுதினால், பின்னாலேயே 'தேன்' (than) போட்டு எதைவிட என்றும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் தாள் நகராது. "சாருக்கு மோர் குடுத்தா தேன் கேப்பாரு" என்பார்கள் எழுதித் தரும் பிள்ளைகள். இவருக்காகவே தெருமுனைக் கடைக்காரர் நீலப் பேனா விற்பதை நிறுத்திவிட்டதாகக் கேள்வி.

வீட்டிலும் இதே பாடுதான். "இன்னைக்கு வெயில் ஜாஸ்திங்க" என்பார் மனைவி. "எதைவிட?" என்பார் இவர். "உங்க வாயைவிடக் கம்மிதான்" என்று பதில் வரும். மூட்டுவலி வந்து, சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கிய பிறகும் அந்த அம்மாளின் நாக்கு மட்டும் நொண்டவில்லை.

போன மாதம் மூட்டுவலித் தைலம் ஒன்றின் வாசகம் வந்தது; அதிலும் 'மோர் எஃபெக்டிவ்'. வழக்கம்போல் கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினார். முதலாளியே தாளோடு வந்துவிட்டார்.

"எதோடயும் வச்சுச் சோதிக்கலையாம் சார். சோதிச்சாத்தானே எழுதுறதுக்கு? நீங்க கையெழுத்துப் போடுறீங்களா, இல்ல போடுற ஆளா பாக்கட்டுமா?"

இந்த வயதில் எந்தக் கதவைத் தட்டுவது? தன் சிவப்புக் கேள்வியைத் தானே அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முகம் இன்னும் சிறுத்துப்போனது. எதைவிட என்று என்னைக் கேட்காதீர்கள்.

விளம்பரம் பத்திரிகையில் வந்தது, மூலையில் இவர் நிறுவனத்தின் பெயரோடு. மனைவி மகளிடம் சொல்லி அந்தத் தைலத்தையே வாங்கிவிட்டார். டாக்டர் கொடுத்த மாத்திரையையும் நிறுத்திவிட்டார். இவர் பதறிப்போய் ஏன் என்று கேட்டதற்கு நிதானமாகச் சொன்னார்:

"உங்க ஆபீஸ் விளம்பரந்தானே. நீங்க பாத்து விட்டதுல பொய் இருக்காதுல்ல."

இப்போது தினமும் மாலையில் இவர் தரையில் உட்கார்ந்து அந்த வீங்கிய முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறார்.

"இப்பக் கொஞ்சம் தேவலைங்க" என்கிறார் மனைவி. சொல்லிவிட்டு, வழக்கமான கேள்விக்குப் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு, சிரிப்போடு காத்திருக்கிறார்.

இவர் சீசாவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, குனிந்த தலை நிமிராமல் தேய்த்துக்கொண்டே இருக்கிறார்.