முதுகைக் காட்டி நின்றவர்

“எந்தப் படமும் என்னைத் திரும்பிப் பார்க்க வச்சதில்ல. இனிமே ஒண்ணு பொறந்து வந்தாலும் வைக்காது!”

தேநீர் வேளையில் இப்படி மார்தட்டியவர் ஓவியக்கூடத்தின் மூன்றாம் அறைக் காவலர். சக ஊழியர்கள் வைத்த பெயர் தூண். அவர் சொன்னது வெறும் பீற்றல் அல்ல, கொள்கை. காவலர் கவனிக்க வேண்டியது வருகிறவர்களின் கைகளை. படத்தைப் பார்க்கிறவன் டிக்கெட் வாங்க வேண்டும், சம்பளம் வாங்கக் கூடாது. இந்த உயர்ந்த தத்துவத்தின்படி அவர் கலைக்குத் தம் முதுகை முழுமையாக அர்ப்பணித்திருந்தார்.

இப்போது அந்த முதுகுக்குப் பின்னால் தொங்கியது ஒரு கரித்தலை. நவீன ஓவியர் ஒருவர் ஆப்பிரிக்க மரச்சிற்பம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, காகிதம் கிழியாத குறையாகக் கரிக்கோலால் அழுத்தி வரைந்தது. “ஆதி மனிதனின் ஓலம்” என்பார் வழிகாட்டி. கூட்டம் ஓலம் காதில் விழுந்ததுபோல் தலையாட்டிவிட்டு, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்கும்.

ஒரு தம்பதி வந்தார்கள்.

“என்னங்க, உங்கக்கா மாதிரியே மூஞ்சிய நீட்டி வச்சிருக்கு?”

“எங்கக்காவுக்கு ஏதுடி இவ்வளவு சின்ன வாய்? கண்ணப் பாரு, தூங்குதா முழிச்சிருக்கான்னே தெரியல.”

இத்தகைய கலை விமர்சனங்கள்தாம் தூணின் மேல்வரும்படி. அன்றாடம் பொறுக்கிக்கொண்டுபோய் மனைவியிடம் கொட்டுவார். அவள் புரையேறச் சிரிப்பாள். அன்றும் பத்திரமாகக் கொண்டுபோனார். செருப்பைக் கழற்றி, “இன்னிக்கு ஒருத்தன்...” என்று ஆரம்பித்த பிறகுதான், அவள் போன மாதமே இறந்துவிட்டது நினைவுக்கு வந்தது. அதற்கும் கண்ணில் ஒன்றும் வரவில்லை. துணைக்கு வந்திருந்த அக்காதான் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

“ஒருத்தன் என்னடா?”

“ஒண்ணுமில்லக்கா.”

“இதுவரைக்கும் ஒரு சொட்டு கண்ணீர் விட்டியா? அழுது தொலைடா தம்பி. எனக்குப் பயமா இருக்கு.”

“வந்தா அழ மாட்டேனா? வரல.”

முகம் கழுவப் போனார். கண்ணாடியில் நீண்டு தொங்கிய முகம், சின்ன வாய், தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று தெரியாத கண். அந்தத் தம்பதி யாரைச் சொன்னார்கள் என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மறுநாள் காலை, ஓவியங்களுக்கெல்லாம் பொறுப்பான காப்பாளரம்மா, “அந்தத் தலையை இன்னிக்கு இறக்கிடணும்” என்றார். காகிதப் படத்துக்கு வெளிச்சம் ஆகாது. சில மாதம் சுவரில் இருந்தால், சில வருடம் இருட்டு அலமாரியில் ஓய்வு. அது திரும்ப வரும்போது தூண் பணி ஓய்வு பெற்றிருப்பார்.

“மேடம், அது கண்ணு எப்படி இருக்கும்?”

“திரும்பினா நீங்களே பாக்கலாமே!”

“டியூட்டில இருக்கேன் மேடம்.”

பகல் முழுக்கக் கொள்கை வென்றது. கழுத்து மட்டும் வலித்தது. தன்னைப் போலவே இன்னொரு முகம் உலகத்தில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இனி ஒரே ஒரு மாலைதான். போதாக்குறைக்கு, தேநீர் வேளையில் அவர் மார்தட்டியதைக் கேட்ட பக்கத்து அறைக் காவலன் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

மூடும் நேரத்தில் இரண்டு பேர் பெட்டியோடும் கையுறையோடும் வந்தார்கள்.

“கொஞ்சம் தள்ளுங்கண்ணே.”

தூண் தள்ளவில்லை. மெல்லப் படத்தின் பக்கம் திரும்பினார். இப்போது அவர் முதுகுக்குப் பின்னால், எதிர்ச்சுவரில், யாரோ ஒருவர் ஒரு நிலக்காட்சியை ஆசையாக விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை யாரும் தடுக்கவில்லை.