தடித்த கம்பியும் வளைந்த நெக்கும்

கிட்டார் பழுது பார்ப்பவனுக்கு, கம்பி அறுந்து வருகிற கிட்டாரைவிடப் புதுக் கம்பி கேட்டு வருகிற கிட்டார்மேல்தான் பயம் அதிகம். அடுத்தவர் பிழைப்பைக் கையில் வாங்கித் திருகுகிற வேலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆரணியில் ஒரு வாத்தியக் கடையில் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். தப்பு செய்துவிடக் கூடாது என்றே வளர்ந்ததால் எதையும் தைரியமாக முறுக்கக் கை வராது.

தடித்த கம்பி

ஏழுமலை அண்ணன் பட்டு நெய்பவர். முகூர்த்த நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில், தாழ்ந்த ஒலிக்கான பேஸ் கிட்டார் வாசிப்பார். மண்டபத்தில் தன் வாசிப்பு யார் காதிலும் விழவில்லை என்று தடித்த கம்பி கேட்டார். அதே சுருதிக்கு ஏற்றினால் தடித்த கம்பி கூடுதலாக இழுக்கும், நெக் என்கிற கழுத்துக் கட்டை முன்பக்கம் வளையும், கம்பி உயர்ந்து விரல் நோகும் என்றேன். நெக்கின் உள்ளே இருக்கும் இரும்பு ராடை முறுக்கினால் அது எதிர்ப்பக்கம் இழுத்துச் சமன் செய்யும். மாட்டி, முறுக்கிக் கொடுத்தேன். வாசித்துப் பார்த்தவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இனிமே ட்ரம்ஸ்காரனே என்னக் கேட்டுத்தான் அடிக்கணும் தம்பி!"

கர்கர்

அடுத்த கல்யாணம் முடிந்ததுமே திரும்பி வந்தார். படவேட்டு மேடையில் கம்பிகள் நெக்கில் உரசிக் கர்கர் என்றனவாம். சுருதி ஏற்றிக் கடையில் வைத்தேன். மறுநாள் ஒரு குறையும் இல்லை. எடுத்துப் போனார், சேத்துப்பட்டில் மறுபடி கர்கர். இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு ஏற்பாடு செய்வேன் என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டாராம். வெயிலா, ஈரமா, வண்டியில் எப்படி எடுத்துப் போகிறீர்கள் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடை முதலாளி பாய் பொறுமை இழந்தார்.

"இன்னாடா டாக்டர் மாதிரி கேட்டுகினே கீற? பேஜார் பண்ணாம ஜல்தி சரி பண்ணிக் குடு!"

தறியிலிருந்து இறங்கியதும்

அப்படி அவசரமாகக் கொடுத்தது அடுத்த கல்யாணத்திலும் கர்கர் என்று திரும்பி வர, இந்த முறை சரிசெய்து நானே அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அன்றைய நெசவை முடித்து இறங்கும்போது, நூல் நைந்து போகாமலிருக்கப் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலின் இழுப்பைத் தளர்த்தினார். பிறகு என் கையிலிருந்த பேஸை வாங்கி அதன் கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். கம்பி இழுக்காவிட்டால் ராட் மட்டும் தனியாக இழுக்கும். நெக் பின்னால் வளைந்துவிடும். மேடையேறிச் சுருதி ஏற்றிய உடனே அது முழுதாகத் திரும்பாது, கம்பி உரசும்; கடையில் ஓர் இரவு சுருதி ஏறியபடி இருந்ததால்தான் நேராகியிருக்கிறது.

"தினமும் தளர்த்திடுவீங்களா அண்ணா?" என்றேன்.

"பின்ன? ராத்திரி பூரா இஸ்துகினே கெடந்தா அதுக்கு வலிக்காதா தம்பி?"

இடது கை

நான் விளக்கியபின் அவர் தளர்த்துவதில்லை. ஆனால் அந்த மூன்றாவது கர்கரிலேயே குழுத் தலைவர் பேஸ் வாசிப்பைக் கீபோர்டுக்காரரின் இடது கைக்குக் கொடுத்துவிட்டார். இப்போது முகூர்த்த நாட்களிலும் அண்ணன் தறியில்தான் இருக்கிறார். மனசு கேட்காமல் தலைவருக்கு ஃபோன் செய்தேன். கம்பி, ராட், பாவு எல்லாம் சொன்னேன். வாசிப்பில் குறையில்லை என்றேன். முழுக்கக் கேட்டார்.

"நீ சொல்றது கரெக்டுதாம்பா. ஆனா கீபோர்டு கர்கர்னு கத்தாது. வேன்ல ஒரு சீட்டும் மிச்சம்."

பழுதுக்குக் காரணம் கண்டுபிடிப்பது எங்கள் தொழிலில் பாதி வேலைதான்; கச்சேரிக்கு முன்பே கண்டுபிடிப்பதுதான் மீதிப் பாதி.