மலர்விழி அக்காவும் பதினெட்டுப் பக்கமும்

எங்க மலர்விழி அக்கா ஆஸ்பத்திரிப் படியில் கால் வைத்தால் கிருமிகள் எல்லாம் எழுந்து நின்று துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ளும். சிறுமலைக்கே குளிர்காய்ச்சல் வந்தாலும் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். எமன் திண்டுக்கல்லுக்குள் நுழையாமல் பைபாஸிலேயே போவதற்குக் காரணமும் அக்காதான். உள்ளே வந்தால் பதினெட்டுப் பக்கம் படித்துக் காட்டி, "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க" என்று கேட்டுவிடுமே என்கிற பயம்.

இதில் அந்தப் பதினெட்டுப் பக்கம் மட்டும் நிஜம்.

அக்கா என் பெரியப்பா மகள். வயது முப்பத்தொன்று. முத்தழகுபட்டியிலிருந்து ஸ்கூட்டியில் வரும் நர்ஸ். ஆனால் ஊசி போடுகிற வேலை இல்லை. ரத்தத்தில் கிருமி ஏறிப் படுத்தவர்களுக்கு ஒரு புது மருந்தைக் கொடுத்துப் பார்க்கிற ஆராய்ச்சி அந்த ஆஸ்பத்திரியில் நடக்கிறது. நோயாளியின் வீட்டாரிடம் விவரம் சொல்லிச் சம்மதம் கேட்பதுதான் அக்கா வேலை. சம்மதப் படிவத்தின் பதினெட்டுப் பக்கத்தையும் நம்ம பேச்சில் சொல்லும். முடித்ததும் அவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லும். அது சரியாக வராமல் பேனாவைக் கொடுக்காது. பரீட்சை பிடிக்காமல் பத்தாவதோடு ஓடிவந்து ஆஸ்பத்திரி வாசலில் பூக்கடை போட்ட எனக்கு, அக்காவைப் பார்த்தால் இன்றைக்கும் பூக்கூடைக்குப் பின்னால் ஒளியத் தோன்றும்.

போன மாசம் சடையாண்டி மாமாவைக் கொண்டுவந்தார்கள். கன்னிவாடிப் பக்கம் பூந்தோட்டம். என் கடைக்குப் பூப் போடுகிறவர். அவர் கூடைக்குள் நான் ரப்பர் பல்லி வைத்தால், மறுநாள் என் மல்லிகைப் பொட்டலத்துக்குள் நிஜ ஓணானை வைத்து அனுப்புவார். அப்படிப்பட்ட மனுசனை ஒரு ரோஜா முள் சாய்த்துவிட்டது. மூன்று நாள் மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார். கை முழங்கை வரை வீங்கி, விடிகாலை நாலு மணிக்கு ரத்த அழுத்தம் விழுந்து, மூக்கிலும் வாயிலும் குழாய். அழுத்தம் விழுந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் மருந்தை ஏற்றினால்தான் ஆராய்ச்சியில் சேர்த்தி. சாயங்காலம் நாலு மணி கெடு.

அவர் சம்சாரம் சின்னக்கண்ணு அத்தையை தீவிர சிகிச்சை அறைக் கண்ணாடிக்கு வெளியே மரப் பெஞ்சில் உட்கார வைத்து அக்கா பேசியது. பூ கொடுக்கப் போன சாக்கில் நானும் நின்றேன்.

"கிருமியை விரட்டப் போன நம்ம உடம்பே கோவத்துல வீட்டைக் கொளுத்துது அத்தை. அந்தக் கோவத்தை அடக்கத்தான் இந்த மருந்து."

"எங்காளுக இவரைச் சோதனை எலி ஆக்குறாகன்னு சொல்றாக."

"எலியைத் தாண்டித்தான் வந்திருக்கு. ஆனா எலி பிழைச்ச மருந்து ஏகப்பட்டது. மனுசங்கிட்ட வந்ததும் விழுந்ததுதான் அதுல முக்காவாசி."

"இது விழுமா, நிக்குமா?"

"தெரியாது. தெரிஞ்சா உங்களைக் கேட்டுக்கிட்டு இருப்பமா, நேரா ஏத்திருவோம். இன்னொண்ணு, பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் பிரிக்கும். எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. கெடுதியும் பண்ணலாம், நடுவுல போதும்னா நிப்பாட்டிருவோம். வேண்டாம்னு சொன்னாலும் இப்ப ஓடுற வைத்தியம் ஓடும்."

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். "நான் பூக்கட்டிப் பாத்துட்டு வாரேன்."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். ஆராய்ச்சியைப் பார்த்துக்கொள்கிற பிராங்க்ளின் டாக்டர் வாட்ச்சைத் தட்டினார். மணி இரண்டரை. அக்கா மட்டும், "போயிட்டு வாங்க. மூணரைக்குள்ள வந்துருங்க" என்றது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஆள் அப்படிச் சொன்னதில் எனக்கே ஆச்சரியம்.

அத்தை கை கால் கழுவி வருவதற்குள் கடையில் பொட்டலம் கட்டினேன். இரண்டிலும் மல்லிகை. ஆமாம், இரண்டிலும்தான். சிவப்பு அரளி அதில் இல்லை.

வாசல் பிள்ளையார் முன்னால் போட்டார். ஓ.பி. சீட்டு வரிசையில் நின்ற ஒரு குழந்தை எடுத்தது. வெள்ளை. அத்தை முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். மீந்த பொட்டலத்தை நான் இடுப்பில் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

மணி மூன்று இருபது.

"சாமி வெள்ளை குடுத்துருச்சு தாயி. பிழைச்சுருவாரு. எங்க கையெழுத்து?"

அக்கா பேனாவைக் கொடுக்கவில்லை. "சாமி சொன்னது இருக்கட்டும் அத்தை. நான் சொன்னதைச் சொல்லுங்க."

"அதான் உத்தரவு வந்துருச்சே."

"பூ யாரு கட்டுனது?"

அத்தை என்னைக் காட்டினார். அக்கா முகம் மாறியது. "இவ கட்டுனதுன்னா நான் ரெண்டையும் பாக்கணும். எடுடி."

"பிரிக்கக் கூடாதுக்கா, தெய்வக் குத்தம்."

"எடு."

எடுத்தேன். அக்கா பிரிக்கவில்லை, அத்தை கையில் வைத்து, "நீயே சொல்லு அவங்ககிட்ட" என்றது. இரண்டிலும் மல்லிகைதான் என்று சொன்னேன். அத்தை பிரித்துப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப சாமி ஒண்ணுமே சொல்லல" என்றார்.

மூன்று முப்பத்தைந்து. டாக்டர் வந்து வாயைத் திறந்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்தியது. "மறுபடி கட்டிப் பாக்கணும்னா பாருங்க அத்தை. நேரம் போனா போகுது."

"நேரம் போனா மருந்து?"

"கிடையாது."

அத்தை எழுந்து மாமாவின் வீங்கிய கையைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். திரும்பி வந்து, சந்தையில் விலை சொல்கிற மாதிரி ஒவ்வொன்றாய்ச் சொன்னார். "மருந்தும் வரலாம், உப்புத்தண்ணியும் வரலாம். கெடுதியும் பண்ணலாம். வேணாம்னாலும் வைத்தியம் நிக்காது. போட்ட பெறகும் நான் போதும்னா நிப்பாட்டுவீக." மூச்சு வாங்கிக்கொண்டார். "இவரு போயிட்டாலும் பின்னால வாரவுகளுக்கு ஒரு கணக்குக் கெடைக்கும். குடு."

ஒவ்வொரு எழுத்தாகப் பேரைப் போட்டு முடித்தபோது மூன்று ஐம்பது. மூன்று ஐம்பத்தேழுக்கு, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாதபடி உறை போட்ட பை ஒன்று கம்பியில் தொங்கியது.

ஒன்பதாம் நாள் மாமா கஞ்சி குடித்தார். மருந்தா, உப்புத்தண்ணியா, பழைய வைத்தியமா, யாருக்கும் தெரியாது. அக்காவிடம் கேட்டேன். "ஆராய்ச்சி முடிஞ்சுதான் பிரிப்பாங்க" என்றது.

அன்று சாயங்காலம் அக்கா கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தது. "ஏன்டி அப்படிச் செஞ்ச?"

"சும்மா, விளையாட்டுக்குத்தான்."

அக்கா கோட்டுப் பையில் கைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்து என் பூக்கூடை மேல் வைத்தது. நம்ம கடைத் தாள். ஏற்கெனவே பிரித்துச் சுருட்டியது. உள்ளே அரளி, காய்ந்து கறுத்திருந்தது.

"அன்னைக்கே பிள்ளையாருக்குப் பின்னாடி கெடந்துச்சு. அத்தைக்கு நீ கட்டினது ரெண்டும் மல்லி" என்றது அக்கா. "அவங்க வாரதுக்கு முன்னாடியே நீ தனியாப் போட்டுப் பாத்திருக்க. சிவப்பு வந்திருக்கு. அதானடி?"