ப்ரீ ஏஜென்ட் பீலிக்ஸ்

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு. பூசைக்குப் போய் வந்து, கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு அப்போதுதான் சோஃபாவில் சாய்ந்தேன். பக்கத்தில் இருந்த என் தம்பி ரூபன் துள்ளி எழும்பினான்.

"சைன் பண்ணிட்டான்! அக்கா, சைன் பண்ணிட்டான்!"

தேத்தண்ணி அரைவாசி என் சட்டையில்.

ரூபன் டொரோண்டோக்காரன். லீவில் வந்து லண்டனில் எங்கள் ஈஸ்ட் ஹாம் வீட்டில் நிற்கிறான். வந்த நாளில் இருந்து வீடு வாங்கப் போகிறேன், வீடு வாங்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன். ஆகவே வீட்டு விஷயம்தான் சரிவந்துவிட்டதாக்கும் என்று நானும் மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டேன்.

வீடும் இல்லை, வளவும் இல்லை. பேஸ்போல்!

"இப்ப மாட்ச் நடக்குதோடா?"

"இல்லை அக்கா. மாட்ச் தொடங்க இன்னும் நாள் கிடக்கு."

"பிறகென்னத்துக்குக் கத்துறாய்?"

மாட்ச் இல்லாத காலம்தான் பேஸ்போலில் சுவாரஸ்யமான காலமாம். ஒரு விளையாட்டுக்காரனின் ஒப்பந்தம் முடிந்துவிட்டால் அவன் ஒரு டீமுக்கும் சொந்தமில்லை. யார் கேட்டாலும் போகலாம். அவனுக்குப் பெயர் 'ப்ரீ ஏஜென்ட்'. மாரி முழுக்க எந்த ப்ரீ ஏஜென்ட் எந்த டீமில் கையெழுத்துப் போடுவான் என்று சனம் போனைப் பார்த்துக்கொண்டே இருக்குமாம். கல்யாணப் பேச்சுக்கால் மாதிரி, பொம்பிளைப் பகுதி மட்டும் இல்லை.

ரூபனின் டீம் பிடித்த ஆள் சாதாரண ஆள் இல்லை. பந்தை வெளுக்கிற பெரிய அடிகாரன். ஸ்டீராய்ட் எடுத்து அகப்பட்டு, அரை சீசன் தடை செய்யப்பட்டவன்.

"ஸ்டீராய்ட் எடுத்தால் தடையோ?" என்று என் வீட்டுக்காரர் பேப்பருக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "எனக்கும் நெஞ்சு இழுப்புக்கு ஜிபி டொக்டர் தந்தவரே. அப்ப நான் இனி இங்கிலாந்து டீமிலை விளையாடேலாதோ?"

"உங்களை வேறை காரணத்துக்காக எடுக்கமாட்டினம், அத்தான்."

எனக்கு ஒரு சந்தேகம். "டேய், போன முறை போனிலை கதைக்கேக்கை இவனைத்தானே கள்ளன், மருந்தடிச்சவன், மானங்கெட்டவன் எண்டனீ?"

ரூபன் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "அது அவன் மற்ற டீமிலை இருக்கேக்கை, அக்கா."

சிரிக்க வேண்டாம். நாங்கள் எல்லோரும் அப்படித்தானே? பக்கத்து வீட்டுப் பிள்ளை பிந்தி வந்தால் ஊர் சுற்றுகிறான். எங்கள் பிள்ளை பிந்தி வந்தால்... பாவம், பஸ் பிந்திவிட்டது.

அன்று பின்னேரமே போன் வந்தது. எங்கள் பங்குக் கோயில் தமிழ்ச் சபைத் தலைவர் ஸ்டானி அண்ணை. அவர் குரலில் அவ்வளவு பதற்றத்தை நான் முன்பு கேட்டதில்லை.

"தங்கச்சி, விஷயம் கேள்விப்பட்டனீரோ? எங்கடை பீலிக்ஸை வெம்பிளிப் பங்கு ஆக்கள் கேட்டிருக்கினமாம்!"

எங்கடை பீலிக்ஸ்! போன வருஷம் அவனைத் துரத்தினவரே இவர்தான்.

புதிய வாசகர்களுக்காக இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகிறேன். ஈஸ்டருக்கு முந்தின தவக்கால வெள்ளிகளில் சிலுவைப்பாதைச் செபம் முடிய, எங்கள் கோயில் ஹோலில் கூழ் ஊற்றுவது வழக்கம். ஒடியல் மா, நண்டு, றால், மீன், பயத்தங்காய், பலாக்கொட்டை, முருங்கை இலை... எல்லாம் போடலாம். இறைச்சி மட்டும் கூடாது. தவக்கால வெள்ளியில் கத்தோலிக்கர் இறைச்சி தொடுவதில்லை.

கூழ் காய்ச்சுவது பீலிக்ஸ். தொழில் பஸ் ஓட்டுவது. ஆனால் பங்கில் யாரும் அவனை பஸ்காரன் என்று சொல்வதில்லை, கூழ்கார பீலிக்ஸ்தான். அந்தப் பெயரில் அவனுக்கு எவ்வளவு பெருமை என்பது, அகப்பையைப் பிடித்துக்கொண்டு அவன் நிற்கிற நிலையிலேயே தெரியும்.

போன தவக்காலத்தின் முதல் வெள்ளி. எல்லோருக்கும் ஊற்றி முடிய, கடைசிக் கோப்பை ஸ்டானி அண்ணைக்கு. ஒரு மிடறு குடித்தார். நின்றார். இன்னொரு மிடறு குடித்தார்.

"பீலிக்ஸ்... என்ரை நாக்கிலை ஏன் கோழி கூவுது?"

குசினிக் குப்பைத் தொட்டிக்குள் சூப் கட்டி சுற்றியிருந்த மினுங்கல் தாள்கள். ஒவ்வொன்றிலும் கொழுத்த கோழிப் படம்! தவக்கால வெள்ளியில், சிலுவைப்பாதை முடிந்த கையோடு, முழுப் பங்கும் வரிசையில் நின்று கோழி குடித்திருக்கிறது.

தெரியாமல் குடித்தது பாவமில்லை என்று ஃபாதர் சிரித்தார். அவர் அப்போது இரண்டாவது கோப்பையில் இருந்தார். ஆனால் சபை சிரிக்கவில்லை. ஒரு வருஷம் குசினிப் பக்கம் வரக்கூடாது என்று தீர்ப்பு. பீலிக்ஸ் ஒன்றும் சொல்லாமல் அகப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். ஏன் போட்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. மிச்ச வெள்ளிகளில் நாங்களே காய்ச்சினோம். அதைப் பற்றிக் கதைக்காமல் விடுவது நல்லது. அந்தக் கூழால் சுவருக்குப் பேப்பர் ஒட்டியிருக்கலாம்.

இப்போது தடை முடிகிறது. தவக்காலத்தின் முதல் வெள்ளியும் நெருங்கிவிட்டது. ஆள் இல்லை. வெம்பிளியும் கேட்கிறது.

செவ்வாய்க்கிழமை என் வீட்டில் அவசரக் கூட்டம். கேட்காமலே ரூபனும் கதிரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"இதிலை யோசிக்க என்ன இருக்கு, அண்ணை? அவர் இப்ப ப்ரீ ஏஜென்ட்."

ஸ்டானி அண்ணை நிமிர்ந்தார். "என்ன தம்பி சொல்லுறீர்? ப்ரீயோ? நான் லண்டன் வந்து சேர எத்தினை ஏஜென்டைக் கண்டனான்! ஒருத்தனும் ப்ரீ இல்லை. காணி வித்துக் குடுத்தும் மொஸ்கோவிலை பனிக்குள்ளை விட்டிட்டு ஓடினவங்கள்!"

வீடே அதிர்ந்தது. ஏஜென்ட் என்றால் எங்கள் சனத்துக்கு ஒரே அர்த்தம்தானே — களவாக எல்லை தாண்டிக் கூட்டி வருகிறவன். பீலிக்ஸ் இப்போது ஆள் கடத்துகிறானோ என்று ஸ்டானி அண்ணை உண்மையிலேயே பயந்துபோனார். ரூபன் பேஸ்போலை முதலில் இருந்து விளங்கப்படுத்தினான்.

"மருந்தடிச்சவனும் கோழி போட்டவனும் ஒண்டோ?" என்று ஸ்டானி அண்ணை விடவில்லை.

"ரெண்டு பேரும் பிழை விட்டவை. ரெண்டு பேருக்கும் தண்டனை குடுத்தாச்சு. தடை முடிஞ்சால் முடிஞ்சதுதான், அண்ணை. வேணுமெண்டால் சைன் பண்ணுங்கோ, வேண்டாமெண்டால் வெம்பிளிக்கு விடுங்கோ." பிறகு கொஞ்சம் தணிந்து, "கனபேர் பெரிய வீரன் ஆகவேணுமெண்டு மருந்து எடுக்கிறேல்லை. தோள் பழுதாய்ப் போச்சு, வயசும் போகுது, இடமும் போயிடுமோ எண்ட பயம்" என்றான்.

அடுத்த நாள் பீலிக்ஸ் வீட்டுக்கு மூன்று பேர் போனோம். ஸ்டானி அண்ணை, நான், பேஸ்போல் நிபுணர். பீலிக்ஸ் ஷிப்ட் முடிந்து வந்து, யூனிபோர்மும் கழற்றாமல் இருந்தான். அவன் மனைவி ஜெசிந்தா தேத்தண்ணி தந்தாள். ஸ்டானி அண்ணை தொண்டையைச் செருமி, சபை, மரபு, ஒற்றுமை என்று தொடங்கினார். பீலிக்ஸ் இடையில் கையைக் காட்டினான்.

"வெம்பிளியிலை கட்டாயம் வா எண்டவை. நான் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை. உங்களுக்கும் சொல்லமாட்டன். என்னாலை ஏலாது, அண்ணை."

"கோவமோ?"

"கோவமில்லை." கோப்பையைக் கீழே வைத்தான். "எனக்கு ரெண்டாந்தரம் கொரோனா வந்ததெல்லோ. அதோடை போன மணமும் ருசியும் திரும்பி வரேல்லை. உப்புத் தெரியும், உறைப்புத் தெரியும். மற்றதெல்லாம் சுடுதண்ணி. அண்டைக்குக் கூழை வாயிலை விட்டுப் பார்த்தன், நண்டு இருக்கோ இல்லையோ தெரியேல்லை. வெளியிலை சனம் நிக்குது. பயந்துபோனன். ஹோல் அலுமாரிக்குள்ளை கிடந்த கட்டியளை எடுத்துப் போட்டன். கோழிப் படத்தைக் கூடப் பார்க்கேல்லை."

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமேயப்பா!"

"என்னெண்டு சொல்லுறது? கள்ளன் எண்டால் ஒரு வருஷம். நாக்கு இல்லாத கூழ்காரன் எண்டால் வாழ்நாள் தடையெல்லோ?"

ஒரு வருஷமாக அவனைக் கண்ட நேரமெல்லாம் கோழி, கோழி என்று பகிடி விட்ட வாய்கள் எத்தனை! என் வாயும் அதில் ஒன்று.

ஜெசிந்தா தேத்தண்ணித் தட்டை டொக்கென்று வைத்தாள். "எனக்கே போன மாசம்தான் சொன்னவர், அக்கா! அதுவரைக்கும் நான் வைச்ச ஒவ்வொரு கறிக்கும் 'நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு' எண்டவர். நானும் விசரி மாதிரி நம்பிட்டன்!"

பீலிக்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ரூபன் முன்னால் சாய்ந்தான். "அப்ப கண்டிஷன் போடுங்கோ. ப்ரீ ஏஜென்டுக்கு அந்த உரிமை இருக்கு. என்ன வேணும்?"

பீலிக்ஸ் ஸ்டானி அண்ணையைப் பார்த்தான்.

"என்னைப் பிடிச்ச நாக்கு வேணும்."

"விளங்கேல்லை..."

"நீங்கள்தான், அண்ணை. ஒரு மிடறிலை கண்டுபிடிச்சனீங்கள். அந்த நாக்கு அடுப்பு மூட்டினதிலை இருந்து இறக்கும் மட்டும் எனக்குப் பக்கத்திலை நிக்கவேணும். எண்டால் வாறன்."

ஸ்டானி அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் தலைவரெல்லோ... வாசல்லை நிண்டு ஆக்களை வரவேற்கவேணும்..."

"வாசலை நான் பாக்கிறன், அண்ணை" என்றேன். "நீங்கள் நாக்கைப் பாருங்கோ."

கை கொடுத்தார்கள். சைன் பண்ணினால் டீம் சட்டை போட்டுப் படம் எடுக்கவேண்டுமாம். பஸ் யூனிபோர்முக்கு மேலே ஏப்ரன் கட்டவைத்து, இரண்டு பேரையும் ரூபன் படம் எடுத்தான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் குசினியை எட்டிப் பார்த்தேன். பீலிக்ஸ் கிண்டுகிறான். ஸ்டானி அண்ணை கரண்டியோடு பக்கத்தில்.

"உப்பு?"

"எப்பன், ஒரு துளி போடும்."

"புளி?"

"காணும், போதும்."

"நண்டு?"

ஸ்டானி அண்ணை கண்ணை மூடினார். "பொறும்... வருது... இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும்... ஆ! வந்திட்டுது!"

பீலிக்ஸின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். தன் நாக்குக்கே நண்டு வந்ததுபோல் இருந்தான்.

வரிசையில் நின்ற ஒருவர் வழக்கமான பகிடியை எடுத்தார். "பீலிக்ஸ், இண்டைக்கு எத்தினை கோழி?"

பீலிக்ஸ் தலை குனிந்தான். நான் வாய் திறக்கமுன் ஸ்டானி அண்ணை அகப்பையோடு முன்னுக்கு வந்துவிட்டார்.

"அவர் தன்ரை தடையை முடிச்சிட்டு வந்து நிக்கிறார்! குடிக்கிறதெண்டால் குடியும், இல்லாட்டி வரிசையை விடும்!"

அந்த மனிதர் குடித்தார். பிறகு வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடியும் நின்றார். அவருக்கு முன்னால் ஃபாதர் நின்றார். பானை வழித்துத் துடைத்தாகிவிட்டது. ஸ்டானி அண்ணையால் மட்டும் ஒரு கோப்பையும் குடிக்க ஏலவில்லை. பின்னேரம் முழுக்க ருசி பார்த்து ருசி பார்த்து, கதிரையில் வயிற்றைத் தடவிக்கொண்டு சாய்ந்திருந்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் கண்டதில்லை.

நேற்று வெம்பிளியில் இருந்து போன் வந்தது. பீலிக்ஸைத்தான் கேட்கப்போகிறார்கள் என்று விறைப்பாக எடுத்தேன்.

"பீலிக்ஸ் வேண்டாம், அக்கா. எங்களிட்டை இப்ப காய்ச்ச ஆள் கிடைச்சிட்டுது. அந்த ருசி பார்க்கிற ஸ்டானி அண்ணையை ஒரு வெள்ளிக்கு விடுவியளோ?"

பீலிக்ஸிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டேன். அவன் பஸ் டிப்போவில் நின்றபடி ஒரு விநாடியும் யோசிக்கவில்லை.

"ஏலாதெண்டு சொல்லுங்கோ, அக்கா. அந்த நாக்கு என்ரை கொன்ட்ராக்ட்டிலை கிடக்கு!"