வெறுங்காலில் ஒரு காதல் பாட்டு

ரங்கூனில் பசுந்தாங் பேட்டைக்கு பஸ் ஓட்டும் ஒரு தமிழரின் வயிறு ஸ்டியரிங்கைத் தொடும். ரேடியோவில் ஒரு குறிப்பிட்ட மெட்டு வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் பிரேக்கை மிதிப்பார். எங்கள் கோயில் பஜனையில் அந்த மெட்டில்தான் அம்மனைப் பாடுவார்கள்.

அன்று வந்தது அந்த மெட்டின் ஆங்கில மூலப் பாட்டு. அதற்கும் கழற்றினார்.

“அண்ணே, இது அமெரிக்காக்காரன் காதலிக்காகப் பாடினது. பர்மாக்காரங்க அதை பர்மா பாஷையில பாடினாங்க. அதைக் கேட்டுத்தான் நம்மாளுங்க அம்மன் பேரைப் போட்டாங்க” என்றேன்.

“என்னன்னு கதறுறான்?”

“போகாதேன்னு.”

“ஆரம்பத்துலேருந்து அதையேதானா?”

“ஆமா.”

“பொண்ணா இருந்தா இந்நேரம் திரும்பி வந்திருக்கும், தம்பி. இவன் கூப்பிடுறது அம்மனைத்தான்.”

இறங்க எழுந்தபோதுதான் பார்த்தேன், என் செருப்பும் இருக்கைக்கு அடியில் கிடந்தது.