காது யாருக்கு?

நாகல் நகரில் பிளெக்ஸ் போர்டு அடிக்கும் கடையில் வடிவமைப்பு வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குத் தெரிந்த பாடம் ஒன்றுதான்: கண் முதலில் எங்கே போக வேண்டுமோ, அதைப் பெரிதாக்கு. வடிவமைப்பு வகுப்பில் அதைச் சொன்னபோது, இதைக்கூடவா சொல்லித் தர வேண்டும் என்று எனக்கு எரிச்சல் வந்திருந்தது.

ஒருநாள் கன்னிவாடிக்காரர் ஒருவர் தங்கை மகளின் காதணி விழாவுக்குப் போர்டு கேட்டு வந்தார். அவர்தான் தாய்மாமன். அவர் சொன்னபடியே செய்தேன். பதினொரு சொந்தக்காரர்கள் ஆளுயரத்துக்கு நின்றார்கள். காது குத்தப்போகும் பிள்ளை மட்டும் மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் பிள்ளையின் முகத்தைப் பாதிப் போர்டுக்குப் பெரிதாக்கி, மற்றவர்களைக் கீழே சின்ன வரிசையாக நிறுத்தினேன்.

திரும்பி வந்தவர் கொதித்துவிட்டார். "ஏம்மா, தாய்மாமன் நான் இத்துனூண்டா?"

"காது ஒங்களுக்கா குத்துறாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

திரையில் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர், "சரி, அப்படியே அடி" என்றார்.

அடுத்த வருடம் தன் மகளின் காதணி விழாவுக்கு அவரே மறுபடி வந்தார். கூடவே மனைவியின் தம்பி, அதாவது இந்தப் பிள்ளையின் தாய்மாமன், தன் பெரிய போட்டோவோடு நின்றார்.

"ஏம்மா, அன்னைக்கு என்கிட்டக் கேட்டியே," என்றார் கன்னிவாடிக்காரர், "அத எங்க மச்சான்கிட்டயும் கேளு."